கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா? காலில் வைத்த ஃபிளாப்பும் பி.ஆர்.பி. ஊசியும்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். பேராவூரணிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 61 வயது, விவசாயி. போன மாதம் மொபெட்டில் போனபோது லாரி உரசி, இடது காலில் கணுக்காலுக்குப் பின்புறம் சதை பிய்ந்து குதிகால் தசைநார் வெளியே தெரிந்தது. கெண்டைக்காலின் பின்பக்கத்திலிருந்து சதையோடு தோலைத் திருப்பிக் கொண்டுவந்து மூடியிருக்கிறார்கள். ‘ஃபிளாப்’ என்றார்கள். இன்றோடு ஒன்பது நாள். நுனியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை உண்டு, பீடியும் உண்டு. பக்கத்து ஊர் கிளினிக்கில் பி.ஆர்.பி. ஊசி போட்டால் கறுத்த இடம் பிழைத்துவிடும், சொந்த ரத்தம் என்பதால் பக்கவிளைவே கிடையாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். ஒரு தடவைக்கு 8,000 ரூபாய், ஆறு தடவை போட வேண்டுமாம். என் நகையை அடகு வைக்கலாம் என்றிருக்கிறேன். போடலாமா? அப்பா தினமும் “காலை எடுத்துவிடுவார்களா?” என்று கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகை பீரோவிலேயே இருக்கட்டும். இன்றைய நிலையில் அந்த ஊசி உங்கள் அப்பாவுக்குத் தேவையில்லை. அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவருக்குத் தெரியாமல் போட்டால் கெடுதலும் வரலாம். பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும், தட்டணுக்கள் செறிந்த திரவம்) பயனற்றது என்று நான் சொல்லவில்லை. நானே அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்கு ஒரு காலமும் ஓர் இடமும் இருக்கின்றன. அதை நீங்கள் புரிந்துகொள்ள, முதலில் உங்கள் அப்பாவின் காலில் என்ன செய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தொடையிலிருந்து காகிதம்போல மெல்லிய தோலைச் சீவி எடுத்துப் புண்ணின் மேல் விரிப்பது ஒரு முறை. அதைத்தான் தோல் ஒட்டுதல் என்கிறோம். அந்தத் தோலுக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. முதல் இரண்டு நாள் புண்ணின் அடியிலிருந்து கசியும் நீரைக் குடித்துத்தான் உயிர் வாழும். பிறகு கீழேயுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் அதனுடன் இணையும். பறித்து நட்ட நாற்றைப் போல. நாற்றுக்குச் சேறு வேண்டும் அல்லவா? வெறும் தசைநாரின் மேலும் எலும்பின் மேலும் அது பிடிக்காது.

அதனால்தான் உங்கள் அப்பாவுக்கு ஃபிளாப் வைத்திருக்கிறார்கள். வீட்டில் மல்லிகைக்குப் பதியன் போட்டிருப்பீர்கள். கொடியை அறுக்காமல் வளைத்துப் பக்கத்து மண்ணில் புதைத்து, அது வேர் பிடிக்கும்வரை தாய்க்கொடியிலிருந்தே சாறு போகும்படி விட்டுவைப்போம். ஃபிளாப் அப்படிப்பட்டது. தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் தசையைப் போர்த்திய மெல்லிய உறையும் ஒரு காம்பின் வழியாகப் பழைய ரத்த ஓட்டத்தை வைத்துக்கொண்டே புது இடத்துக்குப் போகின்றன. இந்த வித்தை நம் நாட்டுக்குப் பழையது. திப்பு சுல்தானுடன் நடந்த போரில் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற வண்டியோட்டிக்குப் புனே அருகே நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு செய்த கதை 1794 அக்டோபரில் லண்டன் இதழ் ஒன்றில் படத்தோடு வெளியானது. புருவங்களுக்கு நடுவேயிருந்த காம்பை ஏறக்குறைய 25 நாள் கழித்தே அறுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அத்தனை நாளும் அந்த மூக்கு உயிரோடிருந்தது காம்பு வழியாக வந்த ரத்தத்தால்.

உங்கள் அப்பாவுக்கு வைத்த ஃபிளாப்பில் ஒரு சிக்கல் உண்டு. கெண்டைக்காலில் இயல்பாக ரத்தம் மேலிருந்து கீழே வரும். இந்த ஃபிளாப்பைத் தலைகீழாகத் திருப்புவதால், வெளிக்கணுக்காலுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் மேலே உள்ள சிறு தமனிகளிலிருந்து ரத்தம் எதிர்த்திசையில் ஏற வேண்டும். ஏறிவிடும். திரும்பி வடிவதுதான் கடினம். சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுகள் இருக்கின்றன, அவற்றை மீறி ரத்தம் வெளியேற வேண்டும். பாதத்தின் வெளியோரம் மரத்துப்போயிருக்கிறது என்று அப்பா சொல்லியிருப்பார். ஃபிளாப்போடு ஒரு தோல்நரம்பும் போயிருப்பதே அதற்குக் காரணம். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருப்பவருக்கு நான் இதை விளக்க வேண்டியதேயில்லை. மேட்டூரைத் திறந்தாலும், கல்லணையில் தண்ணீர் பிரிந்தாலும், உங்கள் வயலுக்கு அது வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி. ஃபிளாப்பின் நுனி அந்தக் கடைமடை. காம்பிலிருந்து ஆகத் தொலைவில் இருப்பதால் முதலில் வாடுவது அதுதான். வடிகால் அடைத்தாலும் அங்கேதான் முதலில் அழுகும். உலகம் முழுவதும், நல்ல கைகள் செய்த ஃபிளாப்பிலும், நுனி கொஞ்சம் கறுப்பது நடக்கிறது. உங்கள் மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள்.

இப்போது பி.ஆர்.பி.க்கு வருகிறேன். டெங்கு வந்த பிறகு தட்டணு என்ற சொல் எல்லா வீட்டுக்கும் தெரியும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள் இருக்கும். கையில் ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க மருந்து சேர்த்து, இயந்திரத்தில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். மேலே இளமஞ்சளாகத் தெளிவு நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஆடைபோல மெல்லிய வெண்படலம். அந்தப் படலத்தையொட்டிய பகுதியை எடுத்து மறுபடியும் சுழற்றித் தட்டணுக்களைச் செறிவாக்கினால், மைக்ரோலிட்டருக்கு 10 லட்சம் அளவில் தட்டணுக்கள் கொண்ட சில மில்லிலிட்டர் திரவம் கிடைக்கும். அதுதான் பி.ஆர்.பி. தட்டணுவின் வேலை ரத்தத்தை உறையவைப்பதோடு முடிவதில்லை. அதற்குள் இருக்கும் குருணைகளில் புதிய ரத்தக்குழாயை முளைக்கச் சொல்வதும், தோல் செல்களைப் பெருகச் சொல்வதுமான புரதங்கள் நிறைந்திருக்கின்றன. தட்டணு தூண்டப்பட்டால் அவற்றில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் வெளியேறிவிடும். 1998-இல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தாடை எலும்பு ஒட்டுகளில் பயன்படுத்தி எழுதிய பிறகு இது எங்கும் பரவியது. இன்று மூட்டு, முடி, முகம் எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள்.

ஃபிளாப்பைக் காக்குமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். எலியின் முதுகில் நீளமான தோல் மடலைத் தூக்கி, அடியில் பி.ஆர்.பி. செலுத்தித் திரும்பத் தைத்துப் பார்த்தார்கள். பல ஆய்வுகளில் நுனி சாவது குறைந்தது. படிக்கும்போது எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அந்த எலிகள் இளமையானவை, பெரும்பாலும் சர்க்கரை இல்லாதவை, பீடி குடிக்காதவை. எலியின் தோல் தளர்வானது, நம் கணுக்கால் தோலைப் போல எலும்போடு ஒட்டி நிற்பதில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமானது மூன்றாவது. அவற்றுக்கு மருந்து கொடுத்தது அறுவைச் சிகிச்சைக்கு முன்போ, அதே மேசையிலோதான். ஒன்பதாம் நாள் கறுத்துப்போன நுனிக்குப் போட்டு அதைப் பிழைக்கவைத்ததாக அவை சொல்லவில்லை. மனிதர்களில், அதுவும் உங்கள் அப்பாவின் ஃபிளாப் போன்றவற்றில், நம்பி நிற்கும் அளவுக்குச் சான்று இன்னும் திரளவில்லை. ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு செறிவில் திரவத்தைத் தருவதால் ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதும் கடினமாக இருக்கிறது.

பி.ஆர்.பி. உரம் மாதிரி. உயிரோடிருக்கும் செல்லுக்கு அது ஒரு சேதி சொல்லும், கேட்ட செல் வேலை செய்யும். தண்ணீர் எட்டாத வயலில் உரத்தைக் கொட்டினால் பயிர் என்ன செய்யும்? இறந்துபோன தோலுக்கு அந்தச் சேதி கேட்காது. புதிய ரத்தக்குழாய் முளைக்கப் பல நாட்கள் ஆகும். ரத்தம் இல்லாத தோல் அத்தனை நாள் காத்திருக்காது.

‘பக்கவிளைவே கிடையாது’ என்ற பேச்சுதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை அபூர்வம், அது சரி. ஆனால் இங்கே ஊசி முனை எங்கே இறங்கப்போகிறது? அந்த ஃபிளாப்பின் உயிர் ஒரு காம்பில் இருக்கிறது. காம்பு எந்த வழியாகப் போகிறது என்பது அறுவைச் சிகிச்சை செய்தவருக்குத்தான் தெரியும். வேறொருவர் குத்தும் ஊசி அந்தக் குழாயில் பட்டால், நுனியோடு முடிய வேண்டியது முழுவதற்கும் ஆபத்தாகலாம். ஏற்கெனவே வடிகால் திணறும் சதைக்குள் மேலும் சில மில்லி திரவத்தை ஏற்றினால் வீக்கம் கூடும். சர்க்கரை உள்ளவரின் புண்ணருகே சுத்தமில்லாத அறையில் ஆறு தடவை குத்துவதில் கிருமி புகும் வாய்ப்பும் இருக்கிறது. முடிக்காகத் தலையில் போடுவதும் இதுவும் ஒன்றாகாது.

அப்படியானால் நீங்கள் செய்யக்கூடியது என்ன? நிறைய இருக்கிறது, எதற்கும் நகை வேண்டாம்.

காயத்தைத் தினமும் பாருங்கள். கட்டு மாற்றும்போது செவிலியரிடம் கேட்டு, கையுறை போட்டுக்கொண்டு, கறுக்காத பகுதியை விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு மூன்று விநாடியில் பழைய நிறத்துக்கு வந்தால் ரத்தம் நன்றாக ஓடுகிறது. வெளுத்தே கிடந்து, தொட்டால் சில்லென்று இருந்தால் உள்ளே வரும் ரத்தம் குறைந்திருக்கிறது. கத்தரிக்காய் நிறத்தில் உப்பி, அழுத்தி எடுத்ததும் கண்ணிமைப்பதற்குள் நிறம் திரும்பினால் வடிகால் அடைபட்டிருக்கிறது. அப்படி அடைபடும் ஃபிளாப்பின் முதல் நாட்களில் மருத்துவ அட்டைகளைக் கடிக்கவிட்டுத் தேங்கிய ரத்தத்தை வெளியேற்றும் முறை இன்றும் நவீன மருத்துவமனைகளில் இருக்கிறது. நம் சித்த மருத்துவத்தில் அட்டை விடுதல் என்ற பெயரே உண்டு. ஆனால் குளத்து அட்டையைப் பிடித்து வீட்டில் விட்டுவிடாதீர்கள். அட்டையின் குடலில் உள்ள கிருமி ஃபிளாப்பையே அழித்துவிடும். மருத்துவமனையில் செய்யும்போது அதற்கென்று தனி ஆன்டிபயாடிக் கொடுத்துத்தான் செய்வோம்.

காலைத் தலையணை வைத்து உயர்த்தி வையுங்கள். குதிகாலும் காம்பு இருக்கும் பகுதியும் எதன்மீதும் அழுந்தக்கூடாது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஓர் இரவு, இதே போன்ற ஃபிளாப் ஒன்று நீலம் பாரித்துவிட்டது என்று என்னை எழுப்பினார்கள். நான் வார்டுக்கு ஓடி, மறுபடியும் அறுவைச் சிகிச்சை அறைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். மூத்த செவிலியர் ஒருவர் எதுவும் பேசாமல் கத்தரியை எடுத்து, கணுக்காலைச் சுற்றியிருந்த கட்டை மேலிருந்து கீழ்வரை வெட்டி விரித்தார். அடியில் பஞ்சு ரத்தத்தில் ஊறிக் காய்ந்து, காகித அட்டை வளையம் போல இறுகியிருந்தது. அரை மணி நேரத்தில் நீலம் கலைந்து சிவப்பு வந்தது. அன்றிலிருந்து ஃபிளாப் நிறம் மாறியது என்று யார் சொன்னாலும் என் கை முதலில் கட்டுக்குத்தான் போகும். உங்கள் அப்பாவின் கட்டு இறுக்கமாகத் தெரிந்தால் பணியிலிருக்கும் மருத்துவரை உடனே கூப்பிடுங்கள், காலை ரவுண்ட்ஸ் வரை பொறுக்க வேண்டாம்.

பீடியை இன்றே நிறுத்த வேண்டும். குறைப்பது போதாது. நிக்கோட்டின் தோலின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. முகச் சுருக்கத்தை நீக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றி 1984-இல் வெளியான ஆய்வு ஒன்றில், புகைப்பவர்களுக்குத் தோல் இறந்து உரியும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 12 மடங்கு என்று கண்டார்கள். முகம் ரத்த ஓட்டம் மிகுந்த இடம். அங்கேயே இப்படியென்றால் கணுக்காலை நினைத்துப் பாருங்கள். பார்க்க வருகிறவர்களும் அவர் பக்கத்தில் நின்று புகைக்கக்கூடாது. கழிப்பறைக்குப் போகும் சாக்கில் ஒன்று பற்றவைத்தார் என்றால் திட்டாதீர்கள். திட்டினால் மறைப்பார். மருத்துவரிடம் சொன்னால் பழக்கத்தை விட உதவும் மாத்திரை கொடுப்பார். நிக்கோட்டின் சூயிங்கத்தை மட்டும் கேட்காமல் வாங்கிக் கொடுக்க வேண்டாம், அதுவும் குழாயைச் சுருக்கும்.

சர்க்கரை எந்த வேளையிலும் 180-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. தேவைப்பட்டால் சில வாரங்களுக்கு இன்சுலின் போடச் சொல்வார்கள், மறுக்காதீர்கள்.

அப்புறம் பத்தியம். இது என் தீராத வருத்தம். காலில் தையல் என்றதும் வீட்டில் முட்டையை நிறுத்துகிறார்கள், மீனை நிறுத்துகிறார்கள், பருப்புச் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று ரசமும் பிரெட்டும் கொடுக்கிறார்கள். புண் ஆற உடம்பு புரதத்தைத்தான் கேட்கிறது. உங்கள் அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் தினமும் இரண்டு முட்டை, மீன் குழம்பு, கெட்டியான பருப்பு, கொண்டைக்கடலைச் சுண்டல், மோர் என்று தாராளமாகக் கொடுங்கள். பேராவூரணிப் பக்கம் மீனுக்கா பஞ்சம்! கறுத்த இடத்தில் மஞ்சளோ தேங்காயெண்ணெயோ தடவ வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. அந்தத் தோலுக்கு உணர்ச்சி இல்லை, வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது.

கறுத்த நுனியை என்ன செய்வார்கள்? பெரும்பாலும் சில நாட்கள் காத்திருப்பார்கள். உயிருள்ள தோலுக்கும் இறந்ததற்கும் நடுவே கோடு கிழித்தாற்போல எல்லை தெரியும்வரை பொறுப்பதுதான் நல்லது. சில சமயம் மேல்தோல் மட்டும் கறுத்து, பொருக்கு உதிர்ந்ததும் அடியில் இளஞ்சிவப்பாக உயிர் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். முழு ஆழமும் இறந்திருந்தால் அதை வெட்டி எடுத்துவிடுவார்கள். அடியில் தசைநார் மூடியிருந்தால் அங்கே தோல் ஒட்டினாலே போதும். தசைநார் திறந்திருந்தால் வேறு வழி யோசிப்பார்கள்.

பி.ஆர்.பி.க்கு இடம் இருந்தால் அது இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான். இறந்ததை எடுத்தாகிவிட்டது, கிருமி இல்லை, அடியில் நல்ல ரத்தம் ஓடுகிறது, ஆனாலும் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு புண் மூட மறுத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் வந்த வயல் அது, உரம் அங்கே வேலை செய்யும். கணுக்காலில் அப்படி நின்றுவிட்ட சில புண்களுக்கு நான் வாரம் ஒருமுறை பி.ஆர்.பி.யைக் கூழாக உறையவைத்துப் பரப்பிக் கட்டியிருக்கிறேன். பலருக்கு ஓரத்திலிருந்து தோல் உள்நோக்கி நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன், சிலருக்கு எந்த மாற்றமும் இல்லை. ஆறாத புண்களில் பி.ஆர்.பி. பற்றிய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் 2016 மதிப்பாய்வு, சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கு இது உதவக்கூடும் என்றது. சான்றின் தரம் குறைவு என்பதையும் அதிலேயே சொன்னது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2021 முதல் சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்ணுக்கு 20 வாரம் வரை இதற்குப் பணம் கொடுக்கிறது.

அந்தக் கட்டம் வந்தால் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். தட்டணு எண்ணிக்கை எவ்வளவு, ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அவர் பார்ப்பார். அந்த மாத்திரைகள் தட்டணுவின் வேலையை மட்டுப்படுத்தும். ஆனால் இதய மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தவே கூடாது. ரத்த வங்கி உள்ள பெரிய மருத்துவமனை என்றால் தூய்மையாகத் தயாரிக்கும் வசதியும் அங்கேயே இருக்கும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது புற்றுநோய்க் கட்டியை எடுத்த இடத்தில் ஃபிளாப் வைத்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வளரச் சொல்லும் புரதங்களை அந்த இடத்தில் செலுத்துவதற்கு நான் தயங்குவேன். புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

காய்ச்சல், துர்நாற்றம், சீழ், சிவப்பு மேலே ஏறுவது, கறுப்பு நாளுக்கு நாள் காம்பை நோக்கி நகர்வது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நகர்கிறதா என்று எப்படித் தெரியும்? தினமும் காலையில் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே கோணத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துச் செல்போனில் ஒரு படம் எடுங்கள். பத்து வார்த்தையில் சொல்வதைவிட அந்தப் படங்கள் உங்கள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் பயப்படுவது நியாயமானது. கறுப்பைப் பார்த்ததும் ஊரில் சர்க்கரைக்குக் கால் எடுத்தவர்கள் எல்லோரும் அவர் நினைவுக்கு வந்திருப்பார்கள். நுனியில் இரண்டு விரல் அகலம் கறுத்திருக்கிறது என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இது கால் எடுக்கும் பேச்சு அல்ல. இன்னொரு சிறிய அறுவைச் சிகிச்சையும் சில வாரப் பொறுமையும்தான் எதிரே இருக்கின்றன. ஆனால் கடிதத்தில் படித்த என்னைவிடக் காலைப் பார்த்தவர் சொல்வதற்கே அவர் செவி கொடுப்பார். அதனால் அடுத்த முறை மருத்துவர் வரும்போது நீங்கள் முந்திக்கொண்டு பேசாதீர்கள். “அப்பா, நீங்களே கேளுங்கள்” என்று விட்டுவிடுங்கள். அவர் கேட்டு முடிக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். எல்லை கட்டிய பிறகு எடுக்கும் படத்தை எனக்கும் அனுப்புங்கள்.